காத்திருப்பின் கூலி

வரப்பில் நிற்கும் வேம்பைப் பெரும்பாலும் யாரும் நட்டிருக்க மாட்டார்கள். பறவை இட்ட எச்சத்தில் முளைத்து, உழவு மாட்டின் குளம்புக்கும் வெள்ளாட்டின் வாய்க்கும் தப்பி, இடுப்புயரம் வந்த பிறகே அது நிலத்துக்காரரின் கண்ணில் பட்டிருக்கும். அரிவாளை ஓங்கியிருக்கலாம், ஓங்கவில்லை. நம் ஊர்களில் வயலோரம் நிற்கும் மரங்களில் பல இப்படி ஒரு கணத்து இரக்கத்தால் பிழைத்தவை. அந்த இரக்கத்துக்குள் கணக்கும் இருந்தது. உச்சிவெயிலில் ஒதுங்க நிழல், வயலுக்குத் தழை, கோடையில் ஆட்டுக்குக் கொப்பு, வேப்பங்கொட்டை பொறுக்கி விற்றால் கைச்செலவுக்குக் காசு. இவற்றுக்கெல்லாம் மேலாக, மகளின் கல்யாணமோ மருத்துவமனைச் செலவோ வந்து நிற்கும் நாளில் மர வியாபாரியைக் கூட்டிவந்து காட்டுவதற்கு ஓர் அடிமரம்.

அதே வேம்புக்கு இப்போது இரண்டாவதாக ஒரு கணக்கு எழுதப்படுகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. மிகுந்துபோன அந்த வாயுவைத் திரும்ப உள்ளிழுக்கும் ஆற்றல் இலைக்கு உண்டு. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். மரத்துக்குள் சேர்ந்த ஒவ்வொரு கிலோ கார்பனும் காற்றிலிருந்து விலகிய 3.67 கிலோ கரியமில வாயு. காடு, மரப்பரப்பு ஆகியவற்றின் வழியே 2030க்குள் 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவைக் கூடுதலாகப் பிடித்துவைப்போம் என்று இந்தியா உலகின் முன் வாக்களித்திருக்கிறது. தமிழ்நாடும் 2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத்தின் நிலப்பரப்பில் 33 விழுக்காட்டை மரங்களின் கீழ் கொண்டுவர இலக்கு வைத்தது. காப்புக்காடுகளின் எல்லை இனி பெரிதாக விரியப் போவதில்லை. ஆகவே உலகத்தின் பார்வை உழவரின் வரப்பில் வந்து நிற்கிறது. இந்தியா 2014இல், உலக நாடுகளில் முதலாவதாக, வேளாண்காடுகளுக்கெனத் தேசியக் கொள்கை ஒன்றை வகுத்ததன் பின்னும் இந்தப் பார்வை இருந்தது.

இரண்டு கணக்குகளும் ஒரே மரத்தைப் பற்றியவைதாம். ஆனால் அவை எதிரெதிர்த் திசையில் செல்கின்றன. உழவருக்கு மரத்தின் மதிப்பு, தேவைப்படும் நாளில் அதை வெட்ட முடியும் என்பதில் இருக்கிறது. உலகத்துக்கு அதன் மதிப்பு, அது வெட்டப்படாமல் இருப்பதில் இருக்கிறது. விளைநிலத்தில் மரம் வளர்ப்பது குறித்த எல்லாத் திட்டங்களும், எல்லா மானியங்களும், எல்லா மேடைப் பேச்சுகளும் இந்த முரணைக் கடந்தாக வேண்டும். பெரும்பாலானவை இதைக் காணாமலே கடந்து செல்கின்றன.

முதலில் உழவரின் பக்கம் நிற்போம். காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பகுதிகளின் கொறங்காடுகளை நாம் அறிவோம். கிளுவை வேலி சூழ, கொழுக்கட்டைப் புல் பரந்து, இடையிடையே வெள்வேல மரங்கள் நிற்கும் மேய்ச்சல் நிலம் அது. மழை குறைந்த அந்த மேட்டு நிலத்தில் பயிரை மட்டும் நம்பியிருந்தால் குடிகள் எப்போதோ ஊரைக் காலி செய்திருப்பார்கள். புல் காய்ந்த மாதங்களில் வெள்வேலங்காய் உதிர்கிறது. அதைத் தின்று ஆடு பிழைக்கிறது. காங்கேயம் காளை உருவான மண் அதுவே. இலையும் சாணமும் புழுக்கையும் மக்கி மண்ணுக்குள் இறங்குகின்றன. காற்றில் உள்ள கார்பனையும் தாவரங்களில் உள்ள கார்பனையும் கூட்டினாலும், மண்ணில் இருப்பது அதைவிட மிகுதி என்று மண்ணியலார் சொல்கிறார்கள். உழவே படாமல், வேலிக்குள் பல தலைமுறையாகப் புல்லும் மரமுமாய் நிற்கும் ஒரு கொறங்காடு, எவரும் கேட்காமலும் எவரும் விலை கொடுக்காமலும் அந்தச் சேமிப்பை அடியில் வைத்துக் காத்துவந்திருக்கிறது. அதைக் காத்தவர்களுக்குக் கார்பன் என்ற சொல் தேவைப்படவில்லை. வறட்சியில் மாட்டை விற்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்குத் தேவைப்பட்டது. இன்று வீட்டுமனைகளுக்கும் சூரிய மின்தகடுகளுக்கும் அந்த நிலங்கள் விலைபோகும்போது நாம் இழப்பது எதை என்று கேட்க ஆளில்லை. புதிதாக நடும் கன்றுக்குக் கிடைக்கும் மாலையும் புகைப்படமும், ஏற்கெனவே நிற்கும் மரத்துக்குக் கிடைப்பதில்லை.

மரம் ஏழையின் வைப்புநிதி என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த ஒப்புமையை நேர்மையாக முழுவதும் நினைத்துப் பார்க்க வேண்டும். எடுக்கவே முடியாத வைப்புநிதியில் யார் பணம் போடுவார்? கடன்காரன் வாசலில் நிற்கும்போது, மழை பொய்த்து விதைநெல்லும் போன ஆண்டில், படிப்புக் கட்டணத்துக்குக் கடைசி நாள் நெருங்கும்போது, அந்த மரம் விழத்தான் செய்யும். அதற்காகத்தான் அது வளர்ந்தது. அந்த வெட்டை ஒழுக்கக்கேடாகப் பார்ப்பவர்கள், உழவரின் வாழ்வில் காப்பீடு என்ற ஒன்று எவ்வளவு மெலிதாக இருக்கிறது என்பதை அறியாதவர்கள். மரம் விழுந்த ஓசை நமக்கு உறுத்துமானால், அது விழுவதற்கு முந்திய இரவில் அந்த வீட்டில் நடந்த பேச்சும் நமக்கு உறுத்த வேண்டும்.

இனி உலகத்தின் பக்கம். கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் மணற்பாங்கான நிலங்களில் சவுக்கு அணிவகுத்து நிற்கிறது. நீராவி ரயிலுக்கு விறகாக 19ஆம் நூற்றாண்டில் இங்கே பரவிய அந்த மரம், பிறகு கட்டடச் சாரத்துக்குக் கம்பாயிற்று. இன்று காகித ஆலைக்குக் கூழாகிறது. கரூர் அருகே புகளூரில் இயங்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் போன்ற ஆலைகள் உழவரோடு ஒப்பந்தம் செய்து மரம் வாங்குகின்றன. மூன்று நான்கு ஆண்டுகளில் மொத்தமாகக் கையில் பணம் வருகிறது. வேரில் வாழும் நுண்ணுயிர் காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது. ஆள் தேடி அலைய வேண்டிய நாட்கள் குறைகின்றன. பொருளாதாரம் என்ற அளவில் இதில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் கார்பன்? வெட்டிய சவுக்கு விறகானால் அன்றே அது காற்றுக்குத் திரும்புகிறது. காகிதமானால், அந்தக் காகிதத்தின் ஆயுள் எவ்வளவோ அவ்வளவு. எனவே மூன்று நான்கு ஆண்டில் வெட்டும் தோப்பு, தான் வளர்த்த அத்தனை மரத்தையும் தன் சேமிப்பாகக் காட்ட முடியாது. வெட்டிய இடத்தில் மறுபடி நட்டு, மறுபடி வளர்த்து, அந்தச் சுழற்சி அறாமல் நடந்தால், எந்த நாளிலும் அந்த நிலத்தில் சராசரியாக நின்றுகொண்டிருக்கும் மரத்தின் எடை எவ்வளவோ, அதுவே உலகத்துக்கு அது தந்த கொடை.

இந்த உண்மை தோப்புக்காரரைச் சிறுமைப்படுத்துவதற்காகச் சொல்வதன்று. அதற்குள் நமக்கு ஒரு வெளிச்சம் இருக்கிறது. தனி ஒரு மரம் என்றும் நிற்க வேண்டும் என்று கேட்பதற்குப் பதிலாக, ஒரு நிலம் என்றும் மரத்தோடு இருக்க வேண்டும் என்று கேட்டால், அந்த இரண்டு கணக்குகளும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. வெவ்வேறு வயதுள்ள மரங்கள் நிற்கும் நிலத்தில் ஒன்றை வெட்டினாலும் பல நிற்கும். வெட்டியதன் இடத்தை இளையது நிரப்பும். வெட்டிய மரமும் கதவாக, உத்தரமாக, கட்டிலாக மாறினால் உள்ளிருக்கும் கார்பன் உடனே வெளியேறுவதில்லை. செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களைத் தொட்டுப் பார்ப்பவர்கள், நூறாண்டுக்கும் முன்னர் ஐராவதி ஆற்றங்கரைக் காற்றிலிருந்து பிரிந்த கார்பனைத்தான் தொடுகிறார்கள். மரம் வெட்டப்பட்ட பிறகும் அதற்கு ஒரு வாழ்வு உண்டு என்பதையும், அந்த வாழ்வின் நீளத்தை மனிதரின் தேவையும் கைத்திறனும் தீர்மானிக்கின்றன என்பதையும் சேர்த்து எண்ணும்போது, வெட்டுதல் என்ற செயலுக்கு நாம் கொடுத்துவைத்திருக்கும் பழி சற்றே நகர்ந்து, எதற்காக வெட்டுகிறோம், வெட்டிய பிறகு என்ன செய்கிறோம் என்ற கேள்விகளின் மேல் போய் அமர்கிறது.

வெட்டக் கூடாது என்று சட்டமே சொன்னால் மரம் நிற்குமா? இதற்கு விடை சொல்ல நம்மிடம் சந்தனம் இருக்கிறது. யாருடைய பட்டா நிலத்தில் முளைத்தாலும் சந்தன மரம் அரசுக்கே உரியது என்றிருந்த நெடுங்காலத்தில், தன் கொல்லையில் அந்தக் கன்றைக் கண்ட குடியானவருக்கு மகிழ்ச்சி வரவில்லை, அச்சம் வந்தது. வளர்ந்தால் காவல் காக்க வேண்டும். திருட்டுப் போனால் பதில் சொல்ல வேண்டும். மரமோ தனதன்று. முளையிலேயே பிடுங்கி எறிவது எளிய விடையாயிற்று. விலை மிக்க ஒரு மரத்தைக் காப்பதற்காக எழுந்த விதியே, அந்த மரம் விளைநிலத்தில் முளைக்காமல் பார்த்துக்கொண்டது. 2002இல் தமிழ்நாடு வனச் சட்டம் திருத்தப்பட்டு, நிலத்துக்குரியவரே சந்தனத்துக்கும் உரியவர் என்றானது. வெட்டவும் கொண்டுசெல்லவும் இன்றும் வனத்துறையின் அனுமதி வேண்டும். ஆனாலும் அதன் பிறகுதான் துவரைச் செடியைத் துணைக்கு வைத்துச் சந்தனம் நடும் தோட்டங்களை நாம் காண்கிறோம். வைரம் பாய்ந்து விலைக்கு வரப் பதினைந்து இருபது ஆண்டுகள் ஆகும் என்று தெரிந்தும் நடுகிறார்கள்.

இதே பாடத்தை வெகுதொலைவில், சஹாரா பாலைவனத்தின் தென்விளிம்பிலுள்ள நைஜர் நாடும் கற்றது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்துச் சட்டம் அங்கே மரங்களை அரசின் உடைமையாக்கியிருந்தது. தன் கம்பங்கொல்லையில் நின்ற மரம் தனதன்று என்றான பின் உழவருக்கு அது வெறும் இடைஞ்சல். 1970களின் கொடும் பஞ்சங்களுக்குப் பிறகு எத்தனையோ கன்றுகள் நடப்பட்டன, பெரும்பாலானவை பட்டுப்போயின. 1983இல் மராதி வட்டாரத்தில் பணியாற்றிய டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வேளாண் அறிஞர், புதர் என்று எல்லோரும் எண்ணியவை உண்மையில் வெட்டுண்ட மரங்களின் உயிருள்ள அடிக்கட்டைகள் என்று கண்டார். மண்ணுக்கடியில் ஒரு காடு காத்துக் கிடந்தது. அதை வெட்டாமல், வலிய தளிர் ஒன்றிரண்டை மட்டும் விட்டுக் கவாத்துச் செய்தாலே போதும். அந்தக் காலத்தில்தான் அரசின் பிடியும் தளர்ந்தது. கொல்லையில் வளர்வது தம்முடையது என்ற நம்பிக்கை உழவருக்கு வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேர் விளைநிலத்தில் மரங்கள் மீண்டன. அவற்றில் காவோ என்ற மரத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மழைக்காலத்தில் இலையுதிர்த்துக் கம்புக்கு வெயிலும் உரமும் தருகிறது. கோடையில் இலைவிட்டு ஆட்டுக்குத் தீவனம் தருகிறது. பயிரோடு போட்டியிடாமல் வாழும் அப்படி ஒரு மரத்தைப் பெற்றும், அதைத் தமதென்று சொல்ல முடியாதிருந்த வரை அந்த மக்களால் அதை வளர்க்க முடியவில்லை. நாற்றுப்பண்ணையும் நீரும் நிதியும் செய்ய முடியாததை, வெட்டிக்கொள்ளலாம் என்ற உரிமை செய்தது.

கைவிடுவதற்கு உரிமை உள்ளவரே மனமார்ந்து காக்கிறார். அச்சத்தால் காக்கப்படுவது காவலர் திரும்பிய கணத்தில் விழுந்துவிடும். தனதென்ற உணர்வால் காக்கப்படுவது, காப்பவர் மறைந்த பின்னும் அவர் மக்களின் கையில் நிற்கும். காடுகளின் சட்டத்தைப் பற்றி மட்டும் நாம் இதைச் சொல்லவில்லை. பிள்ளைகளை வளர்ப்பதிலும், மொழியைக் காப்பதிலும், அறத்தைப் பேணுவதிலும், விலங்கிட்டு நிறுத்தியவை எவை, விரும்பி நின்றவை எவை என்று எண்ணிப் பார்ப்போமானால், காலத்தைக் கடந்து வந்தவை அனைத்தும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவையாகவே இருக்கக் காண்போம்.

உரிமை இருந்தால் போதுமா என்றால், போதாது. 1980களில் குஜராத், ஹரியானா, பஞ்சாப் மாநிலங்களில் உழவர் தைல மரத்தை ஆர்வத்தோடு நட்டார்கள். அவர்களுக்கு உரிமையும் இருந்தது, ஊக்கமும் இருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டதை எல்லோரும் ஒரே நேரத்தில் வெட்டியபோது அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் விலை சரிந்தது. பலர் வேரோடு பிடுங்கிவிட்டுக் கோதுமைக்குத் திரும்பினார்கள். பயிரில் தவறினால் இழப்பு ஒரு பருவம். மரத்தில் தவறினால் இழப்பு ஒரு வாழ்நாளின் பகுதி. சந்தை கைவிடாத இடத்தில் புயல் கைவிடலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்க் கரையில் முந்திரியையும் பலாவையும் சவுக்கையும் சாய்த்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னைகளை ஒரே இரவில் முறித்துப் போட்டது. தென்னையை இழந்தவர் மறுநாள் காலையில் இழந்தது மரத்தை மட்டுமா? மறுபடி காய்க்கும் மரம் வரும் வரையிலான அத்தனை ஆண்டுகளையும் இழந்தார். நிவாரணத் தொகை மரத்துக்கு விலை வைத்தது. அந்த ஆண்டுகளுக்கு விலை வைக்கும் கணக்கு எந்த அலுவலகத்திலும் இல்லை.

எனவே விளைநிலத்து மரத்தின் உண்மையான முதலீடு கன்றும் குழியும் நீரும் அல்ல, காலம். நெல்லில் நான்கு மாதம் காத்திருக்க முடிந்தவர் தேக்கில் இருபத்தைந்து ஆண்டு காத்திருக்க முடியுமா என்பது அவர் எவ்வளவு நல்லவர் என்பதைப் பொறுத்ததன்று. அவருக்கு வேறு வருமானம் உண்டா, கடன் உண்டா, நிலம் அவருடையதா என்பதைப் பொறுத்தது. சொந்த ஊரில் நிலம் வைத்துக்கொண்டு நகரத்தில் சம்பளம் வாங்குபவர் எளிதாகக் காத்திருக்கிறார். ஆள் கிடைக்கவில்லை என்று வயலைத் தோப்பாக்குகிறார். நல்லதே, மரமும் வளர்கிறது, கார்பனும் சேர்கிறது. ஆனால் அந்த வயலில் நாற்று நட்டும் களை எடுத்தும் அறுத்தும் கூலி பெற்ற பெண்கள், தோப்பின் வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். குத்தகைக்கு உழுபவரோ மரம் நடவே முடியாது. நட்டால் நிலத்தின் மேல் உரிமை கேட்பார் என்று உடையவர் அஞ்சுகிறார்; அடுத்த ஆண்டு இந்த நிலம் தன் கையில் இருக்குமா என்று அறியாதவர் எந்த நம்பிக்கையில் குழி வெட்டுவார்? பொறுமையைக் குணம் என்று போற்றும் நாம், பொறுத்திருக்க முடிவதும் ஒரு செல்வம் என்பதையும், ஏனைய செல்வங்களைப் போலவே அதுவும் சமமின்றிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதையும் மறந்துவிடுகிறோம்.

இந்த இடத்தில் நின்று பார்க்கும்போதுதான், உலகம் உழவரிடம் கேட்பது என்ன என்பது முழுமையாகத் தெரிகிறது. ஆலைப் புகைக்கும் வாகனப் புகைக்கும் உரியவர்கள், தாம் அவசரமாக எரித்துத் தீர்த்ததை ஈடுகட்ட, வேறொருவரை மெதுவாகக் காத்திருக்கும்படி கேட்கிறார்கள். சில நூற்றாண்டுகளின் வேகம், தன் கடனைக் கழிக்க, வறண்ட நிலத்துக் குடும்பம் ஒன்றின் பல ஆண்டுகளைக் கோருகிறது. அந்தக் கோரிக்கை நியாயமானதாகவும் இருக்கலாம். வெப்பம் மிகுந்து மழை பிறழ்ந்தால் முதலில் வாடுவதும் அதே குடும்பம்தானே. ஆனால் பிறர் பொருட்டுக் காத்திருப்பவரின் காத்திருப்பு உழைப்பு என்பதையும், உழைப்புக்குக் கூலி உண்டு என்பதையும், அந்தக் கூலியைத் தராமல் அவருடைய பொறுமையை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போவது சுரண்டலின் மிக நாகரிகமான வடிவம் என்பதையும் ஏற்றுக்கொள்ளாத வரை, மரம் நடுவோம் என்று நாம் எழுப்பும் குரலுக்கு அறத்தின் வலிமை இராது.

கார்பன் சந்தை என்ற பெயரில் அந்தக் கூலி வரத் தொடங்கியிருப்பதாகச் சொல்கிறார்கள். இந்தியாவிலும் 2023இல் கார்பன் வணிகத்துக்கான திட்டம் அறிவிக்கப்பட்டது. அது உழவருக்கு நன்மை செய்யுமா என்பதை, விலை எவ்வளவு என்பதைவிட, எப்போது தரப்படுகிறது, என்ன கேட்கிறது என்பதே தீர்மானிக்கும். கையில் காசில்லாத முதல் ஐந்து ஆண்டுகளில் எதுவும் தராமல், மரம் வளர்ந்து அளந்து சரிபார்த்து இடைத்தரகர் பங்கு கழித்து மிஞ்சியதைப் பிற்காலத்தில் தரும் ஏற்பாடு, காத்திருக்க முடிந்தவரையே மறுபடியும் வளப்படுத்தும். பல பத்தாண்டுகளுக்கு ஒரு மரத்தையும் தொடாதே என்று கையொப்பம் கேட்கும் ஒப்பந்தம், சந்தனத்துக்கு நேர்ந்ததை எல்லா மரங்களுக்கும் நேர வைக்கும். நிலத்தில் நிற்கும் மரத்தின் சராசரி குறையாதிருக்கும் வரை, எதை எப்போது வெட்டுவது என்பதை உழவரிடமே விட்டுவிடலாம். புயலுக்கும் விலைச் சரிவுக்கும் காப்பீட்டை அதே நிதியிலிருந்து கட்டலாம். குத்தகைதாரர் நட்ட மரத்தில் அவருக்கு ஒரு பங்கு உண்டு என்று எழுத்தில் உறுதி செய்யலாம். அந்த எழுத்தால் உடையவரின் நில உரிமைக்குக் குறைவு வராது என்பதையும் அதே தாளில் எழுதலாம். கொறங்காட்டைப் போல ஏற்கெனவே காத்துவருபவருக்கு, புதிதாக நடுபவருக்குத் தருவதில் ஒரு பைசாவும் குறையாமல் தர வேண்டும். இல்லையேல் பழையதை அழித்துவிட்டுப் புதியதை நட்டு ஊதியம் கேட்பதே அறிவுடைய செயலாகிவிடும். அப்படிச் செய்பவரைக் குறை சொல்லும் தகுதியும் நமக்கு இருக்காது.